கன்னியம்மாவின் நாக்கில் ஒரு மெல்லிய கோடு

கன்னியம்மாவின் நாக்கை நான் தப்பாகப் படுக்க வைத்தேன். முழு நாக்கையும் அல்ல. அதிலிருந்து அறுத்தெடுத்த, அரை விரல்நகம் அளவுள்ள ஒரு சீவலை. முப்பது வருடத்துக்கு மேல் மெழுகிலும் கத்தியிலும் புழங்கிய கை செய்த தப்பு அது. இந்த வேலைக்கு இப்போதுதான் வந்திருக்கிற உங்களுக்கு முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். நான் சரியாகச் செய்தவை ஆயிரம் இருக்கும். அவற்றை எல்லாம் கேட்டால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும்.

செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் லேப். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த திசு பாட்டிலில் வரும். அதை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் வைத்துக் கண்ணுக்கே தெரியாத மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பார்த்துச் சொல்வது டாக்டரம்மா வேலை. நான் அங்கே சில்லு கழுவுகிற ஆளாகச் சேர்ந்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கி வாங்கி வந்ததுதான். டாக்டரம்மா அதிகம் திட்டமாட்டார். "கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்க பாய், மனசுல தோணறதைச் சொல்லாதீங்க" என்பார். அவ்வளவுதான். ஆனால் அது திட்டைவிடச் சுருக்கென்று தைக்கும்.

கன்னியம்மாவை, அவர் நாக்கு எங்கள் லேப்புக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எங்கள் புதுப்பட்டினத்தில் படகு கரை சேர்ந்ததும் மீனை ஏலம் விடுகிறவர் அவர்தான். "கன்னியம்மா கூவுனா, வலையில கீற மீனு நிமுந்து பாக்கும்" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பொய்யில்லை. பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும் அந்தக் குரல். உடைந்த பல் ஒன்று உரசி உரசி, நாக்கின் ஓரத்தில் அவருக்கு ஒரு புண். பல்லைப் பிடுங்கியும் ஆறவில்லை. வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுப் படிந்துவிட்டது. சர்ஜன் அந்தத் திட்டை அடியிலுள்ள சதையோடு முழுசாக அறுத்தெடுத்து எங்களுக்கு அனுப்பினார். டாக்டரம்மா அதை நான்கு சீவல்களாக அரிந்து என்னிடம் கொடுத்தார்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நாக்கின் மேல்தோலுக்கும் அதன் கீழே இருக்கிற சதைக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. அடித்தளச் சவ்வு என்பார்கள். வெங்காயத்தோலைச் சன்னமான துணி என்று நினைத்தால், இது அந்தத் துணியின் ஒரு நூலில் பாதி கூடக் கிடையாது. மேல்தோல் செல்கள் கெட்டுப் போய்ப் புற்றாக மாறினாலும், இந்தச் சவ்வுக்கு மேலேயே கும்மாளம் போடுகிற வரைக்கும் பெரிய ஆபத்து இல்லை. வெட்டி எடுத்துவிட்டால் கதை முடிந்தது. ஏனென்றால் மேலே ரத்தக் குழாயும் இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. எல்லாம் சவ்வுக்குக் கீழே. கழுத்துக்கும் நுரையீரலுக்கும் போகிற பஸ் கீழேதான் நிற்கிறது. புற்று சவ்வைத் தாண்டியதா, தாண்டியிருந்தால் எவ்வளவு ஆழம் இறங்கியது, இதுதான் கேள்வி. ஆழமாக இறங்கியிருந்தால் கன்னியம்மாவுக்குப் பாதி நாக்கு போகும், கழுத்தைத் திறந்து நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள். இல்லையென்றால் எடுத்தது போதும்.

அந்த நான்கு சீவல்களை மெழுகில் பதித்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அவசரம் ஒன்றும் இல்லை. என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. கூட வேலை பார்த்த குமார் வஞ்சிரத்தை மட்டம் தட்டிப் பேசினான்.

"கொடுவா துன்னுப் பாரு பாய். வஞ்சிரம் எல்லாம் வெளியூர்க்காரனுக்கு."

"அடப் போ மச்சான். கடல் ஓரத்துல பொறந்தவன்கிட்ட மாமண்டூர் ஏரிக்காரன் மீனு கத சொல்றான்."

"ஏரியில தாம்பா மீனுக்கு ருசி. கடல்ல வெறும் உப்பு."

இப்படிப் பேசிக்கொண்டே இடுக்கியால் சீவலை எடுத்து அச்சில் வைத்து மெழுகை ஊற்றினேன். மூன்று சரியாக நின்றன. ஒன்று கவிழ்ந்தது. பார்க்கவில்லை. குளிர்ந்த தட்டில் மெழுகு இறுகியது.

கவிழ்ந்தால் என்ன ஆகும்? கிணறு வெட்டும்போது பக்கவாட்டில் பாருங்கள், மேல்மண், செம்மண், சுக்கான்பாறை என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். சீவலை நிமிர்த்தி வைத்து வெட்டினால் அப்படித் தெரியும். கவிழ்த்து வெட்டினால் தரைக்கு இணையாகச் செதுக்கிக்கொண்டு போகிறோம். மேல்தோல் தட்டையான பாய் அல்ல. ஆலமரத்து விழுது மாதிரி கீழே தொங்கித் தொங்கி நிற்கும். விழுதுகளைக் குறுக்கே வெட்டினால் தனித்தனி வட்டங்கள்தான் கண்ணில் படும். இது மேலே இருக்கிற மரத்தோடு சேர்ந்தது என்று யார் சொல்வது? சதைக்குள் ஆங்காங்கே புற்றுத் தீவுகள் முளைத்த மாதிரியே இருக்கும்.

மறுநாள் காலை நான் சீவிச் சாயம் ஏற்றிக் கொடுத்த அந்த ஸ்லைடை டாக்டரம்மா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆழமா இறங்கியிருக்கு பாய்" என்றார். ரிப்போர்ட் டைப் ஆனது. கையெழுத்து மட்டும் பாக்கி. சர்ஜன் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அறுவை அறையில் இடம் பிடிக்க வேண்டும், இன்றே சொல்லுங்கள் என்று.

வெளியே பெஞ்சில் கன்னியம்மா. நாக்கில் தையல் இருந்ததால் பேச்சு கொஞ்சம் வழுக்கியது. ஆனால் வாய் ஓயவில்லை.

"இன்னா பாய், எம்மாந்நேரம்? ஐஸ்ல வெச்ச மீனு கூடக் கண்ணு வெளுத்துப்பூடும்."

"ஆவுதும்மா. கொஞ்சம் குந்து."

"குந்திகினுதான் கீறேன். மறுக்கா வெட்டுவாங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏலத்தில் எவன் விட்டுக்கொடுப்பான் எவன் மாட்டான் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவர்.

"பாதி நாக்க வெச்சிகினு நான் இன்னா பண்றது, சொல்லு. 'வஞ்சிரம்'னு கூவி முடிக்கறதுக்குள்ள மீனு நாறிப்பூடும்." சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை. "வூட்ல என் பொண்ணு சொல்லுது, உசுரு முக்கியமா நாக்கு முக்கியமான்னு. அவளுக்கு இன்னா தெரியும்? எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

உள்ளே போனேன். டாக்டரம்மா பக்கத்து அறையில் சர்ஜனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்லைடு மைக்ரோஸ்கோப்பிலேயே இருந்தது. நான் வெட்டியதை நானே ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கு மட்டும் பார்க்காமல் விட்டிருந்தேன். குனிந்தேன்.

தீவுகள் இருந்தன. ஆனால் ஓரம் மழமழவென்று உருண்டையாக இருந்தது. கிழித்துக்கொண்டு போன புற்றுக்கு ஓரம் பிசிறாக இருக்கும். சரி, அதுவே முடிவு அல்ல. மேற்பரப்பைத் தேடினேன். நாக்கின் சீவல் என்றால் ஒரு பக்கத்திலாவது நாக்கின் மேற்பரப்பு தெரிய வேண்டும். இந்த ஓரம், அந்த ஓரம், நாலு ஓரமும் போய்ப் பார்த்தேன். இல்லை. கூரையே இல்லாத வீடு. அப்போது வெள்ளிக்கிழமை, கொடுவா, வஞ்சிரம் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெடப்போவது நுணல் இல்லையே, வெளியே உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு அரை நிமிடம் சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. ரிட்டயராக இரண்டு வருடம் இருந்தது. என் சந்தேகம் தப்பாகக்கூட இருக்கலாம். நான் யார், பத்தாம் வகுப்பு. இன்னொன்றும் உண்மை. அந்தச் சீவலில் பாதி ஏற்கெனவே சீவிப் போய்விட்டது. மெழுகை உருக்கி மீதியைத் திருப்பி வைத்தால், சரியாக வந்தால் வந்தது. கை நடுங்கிப் போச்சென்றால் திசுவே மிஞ்சாது. பிறகு எங்களிடம் இருப்பது இந்த ஸ்லைடு ஒன்றுதான். இது சொல்வதை வைத்து நாக்கை வெட்டுவார்கள். மறுப்பதற்கு ஒரு துணுக்கு கூடக் கையில் இருக்காது.

அடுத்த அறைக்குப் போனேன். போன் காதில் இருக்கும்போதே சொன்னேன்.

"அம்மா, ரிப்போர்ட்டை நிறுத்துங்க. மூணாவது சீவலை நான் கவுத்து வெச்சுட்டேன்."

அவர் போனில், "பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று வைத்தார். "எப்படித் தெரியும்?"

"மேற்பரப்பு எங்கியும் இல்ல. ஓரமும் உருண்டையா கீது."

மைக்ரோஸ்கோப்புக்கு வந்து, நான் போன மாதிரியே நாலு ஓரமும் போனார். நிமிர்ந்தார். நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"நான் பார்த்திருக்கணும்" என்றார். "மேற்பரப்பு எங்கேன்னு கேட்காம நான் எப்படி ஆழத்தைச் சொன்னேன்?"

"தப்பு என்னோடதும்மா."

"ரெண்டு பேருக்கும் போதும் போதும்கிற அளவுக்கு இருக்கு பாய். திருப்பி வைங்க."

"குமார வைக்கச் சொல்றேன். என் கை ஆடுது."

"ஆடட்டும். எப்படிக் கவுந்துதுன்னு அந்தக் கைக்குத்தான் தெரியும். நீங்களே வைங்க."

சர்ஜனிடம் மூன்று மணி வரை நேரம் கேட்டார். கன்னியம்மாவிடம், இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது, போய் நாஸ்தா சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். அவர் போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

மெழுகை உருக்கினேன். உள்ளே இருந்த துணுக்கு நெல் உமி அளவுதான். இடுக்கியைச் சூடாக்கிப் பிடித்தேன். குமார் பக்கத்தில் நின்றான். அன்றைக்கு மீன் பேச்சு இல்லை. மெழுகு ஆடை கட்டுகிற வரைக்கும் அந்த உமியை ஓரத்தில் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். விரல் எரிந்தது. பிறகு சீவினேன். முதல் சில சீவல்கள் வெறும் மெழுகு. பிறகு ஒரு புள்ளி. பிறகு ஒரு கீற்று. திசுவோடு ஏழு சீவல் கிடைத்தது. எட்டாவது வெட்டில் திசு முடிந்துபோனது.

டாக்டரம்மா அந்தச் சவ்வை ரோஜா நிறத்தில் காட்டுகிற சாயத்தைப் போடச் சொன்னார். போட்டேன். அவர் முதலில் பார்த்தார். எழுந்து, "உட்காருங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினார். அத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை.

மேலே நாக்கின் கூரை தெரிந்தது. அதன் கீழே கெட்டுப்போன செல்கள், கறுத்துப் பெருத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, விழுதுகள் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு அடியில், விழுதின் வளைவுக்கெல்லாம் வளைந்து, ஏறி இறங்கி, ஒரு ரோஜா நிறக் கோடு. ஓர் இழை. அவ்வளவு கூட்டமும் அதன் மேல் சாய்ந்து நிற்கிறது. அது விடவில்லை. எத்தனையோ மாதமாக, அந்த அம்மா சாப்பிடும்போதும் தூங்கும்போதும் ஏலம் கூவும்போதும் விடாமல் நின்றிருக்கிறது. எனக்கு வாயடைத்துப்போனது. நான் பேசாமல் இருந்த நேரம் என் வாழ்க்கையில் ரொம்பக் குறைவு.

"வலது கோடிக்குப் போங்க" என்றார் டாக்டரம்மா.

போனேன். அங்கே, ஒரே ஓர் இடத்தில், கோடு இல்லை. ஒரு மயிரிழை அகலம். அந்த இடைவெளியில் நாலைந்து செல்கள் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அறுத்துட்டு வந்துடுச்சா?"

"அறுக்கல. கரைச்சிருக்கு. அதுகளுக்குப் பல்லும் நகமும் கிடையாது பாய். நொதி இருக்கு. நடுவுல ஒரே ஒரு துத்தநாக அணுவை வெச்சிகிட்டு இருக்கிற சின்னக் கத்தரி. அதுதான் சவ்வுல இருக்கிற நாரைத் துண்டு துண்டா வெட்டிக் கரைக்குது."

"புற்றுக்கு அந்தக் கத்தரிய எவன் குடுத்தான்?"

"அதுதான் வேடிக்கை. நம்ம உடம்புதான். தவளைக் குஞ்சுக்கு வால் இருக்கே, பெரிசானதும் எங்க போகுது? விழறதில்ல. இதே கத்தரி உள்ளேயிருந்து கரைச்சிடும். நமக்குக் காயம் ஆறணும்னா பழைய நாரைக் கரைச்சாத்தான் புதுசு கட்ட முடியும். குழந்தைக்குப் பல் ஈறைத் திறந்துகிட்டு வரணும்னாலும் இது வேணும். பிரசவத்துல பனிக்குடம் உடையறதும் இதனாலதான். வேலை முடிஞ்சதும் உடம்பே அதைப் பூட்டி வெச்சிடும். புற்று என்ன செய்யுது தெரியுமா? பக்கத்துல இருக்கிற நல்ல செல்லைத் தூண்டிவிட்டு, அதுங்களையே கத்தரியைத் திறக்க வைக்குது. பாதி வேலை அதுங்கதான் செய்யுது."

நான் சும்மா இருந்தால்தானே. "வேலியே பயிர மேயுது" என்றேன்.

"ஆமா. ஆனா வேலிக்கு அது தெரியாது. காயத்தை ஆத்தறோம்னு நினைச்சுகிட்டு செய்யுது."

அந்தக் கத்தரிகளை எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கட்டிப்போட மருந்து செய்து பார்த்தார்களாம். புற்று அடங்கவில்லை, மூட்டு வலிதான் மிஞ்சியது. உடம்புக்குத் தேவையான கத்தரியையும் சேர்த்துக் கட்டினால் வேறென்ன ஆகும் என்றார். நான் மறுபடியும் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தேன். பயமாக இருந்தது. அதைவிட, எப்படிச் சொல்வது, தொழுகையில் நெற்றி தரையைத் தொடும்போது ஒன்று வருமே, அது வந்தது. இத்தனூண்டு இடத்தில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள். இது எதுவும் தெரியாமல் நாம் வஞ்சிரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ரிப்போர்ட் மாறியது. ஒரே இடத்தில் இப்போதுதான் தாண்டத் தொடங்கியிருக்கிறது, ஆழம் இல்லை, எடுத்த திட்டின் ஓரங்கள் சுத்தம். சர்ஜன் மற்ற மூன்று சீவல்களைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டார், அவற்றில் எங்கும் தாண்டவில்லை என்றதும்தான் விட்டார். கடைசியில், மறுபடி கத்தி வேண்டாம், கழுத்தைத் திறக்கவும் வேண்டாம், மாதம் ஒருமுறை வந்து வாயையும் கழுத்தையும் காட்ட வேண்டும், தவறவே கூடாது என்றார்.

கன்னியம்மாவிடம் சொல்லப் போகும்போது டாக்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நல்ல சேதியை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவர் முதல் வாக்கியத்திலேயே, காலையில் நாங்கள் தப்பாகப் படித்துவிட்டோம் என்றார். நான், கவிழ்த்து வைத்தது என் கை என்றேன். பிறகுதான், ஒரு மயிரிழை இடம் தவிர புற்று சவ்வைத் தாண்டவில்லை, மறுபடி வெட்டு இல்லை என்று சொன்னோம்.

கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பாய்? புதுப்பட்டினத்துல பொறந்துட்டு, வயிறு எது முதுகு எதுன்னு தெரியாத கவுத்துப் போட்டியா?"

"ஆமாம்மா."

"என் நாக்கு போயிருக்கும்."

"ஆமா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபமா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த மௌனத்தில் நின்றேன். நீங்களும் ஒருநாள் நிற்க வேண்டி வரும். அப்போது விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். நின்றால் போதும். அதன் பிறகு நான் வெட்டிய எந்த ஸ்லைடும் 'மேற்பரப்பு எங்கே' என்று கேட்காமல் என் மேஜையைத் தாண்டவில்லை. மெழுகு ஊற்றும்போது பேசுவதையும் விட்டேன். குமார் முதலில் எனக்கு உடம்பு சரியில்லை என்றே நினைத்தான்.

அன்றைக்கு, முகத்தைத் துடைத்து முடித்த கன்னியம்மா கேட்டார். "அத்தக் காட்டுவியா?"

"எத்த?"

"அதான், தாண்டல தாண்டலன்னீங்களே. அத்த."

டாக்டரம்மா தலையசைத்தார். கன்னியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கப் போனவரை, ரெண்டு கண்ணாலும் பாரும்மா என்று சொல்லி, தெளிவாகத் தெரிகிற வரைக்கும் திருகிக் கொடுத்தேன்.

"ரோஸ் கலர்ல நூலு மாரி போவுதே, அதுவா?"

"அதுதான்."

"இம்மாம் மெல்லிசா? இதுவா அத்தினியையும் புட்ச்சிகினு நின்னுது?" குரல் தணிந்துவிட்டது. படகுத்துறையில் யாரும் கேட்டிராத குரல். "யாரு பாய் இத்தக் கட்டுனது?"

"நீதாம்மா. உன் உடம்பு."

ஸ்லைடை மெல்ல நகர்த்தி அந்த இடைவெளியைக் காட்டினேன். உடைந்த இடத்தைப் பார்த்ததும் அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

"இத்த யாரு ஒட்ச்சது?"

"அதுவும் உன் உடம்புதாம்மா."

அவர் கண்ணை எடுக்கவில்லை. தையல் போட்ட நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"அப்போ நான் யாரத் திட்றது?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்றைக்கு வெட்ட வேண்டிய மெழுகுக் கட்டைகள் தட்டு நிறையக் காத்துக் கிடந்தன. கன்னியம்மா, "இன்னொருக்கா அந்த நல்ல எடத்துக்குப் போ பாய்" என்றார். திருகினேன். கோடு மறுபடி வந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.